வால்வுக்கு நாலு சுற்று

ஆபீசில் அவளுக்கு வளைவு மேடம் என்று பெயர். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் வளைவு. யாராவது ஒரு சந்தேகம் கேட்டால் போதும், கையில் கிடைத்த காகிதத்தில், அது பொட்டலம் கட்டி வந்த தாளாக இருந்தாலும் சரி, ஒரு கோடு போட்டுவிடுவாள். உயரத்தில் தொடங்கி, சடாரென்று சரிந்து, அடியில் ஒரு பள்ளம் கண்டு, மறுபடி மெல்ல ஏறுகிற கோடு. இருபத்திரண்டு வருஷமாக அவள் வரைந்தது அந்த ஒரு கோட்டைத்தான். அலுக்கவில்லையா என்று கேட்டால், சோறு போடுகிற கோடு அலுக்குமா என்பாள்.

அந்தக் கோட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. படகின் புரொப்பல்லரைச் சுழற்றுகிற இரும்புத் தண்டு, பின்பக்கம் ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. அது ஆடாமல் தாங்கிப் பிடிப்பது பேரிங். எண்ணெய் விட்டு ஓட்டினால் கசிந்து ஆறு நாறும் என்பதால், இவர்கள் கம்பெனி ரப்பர் வைத்த பேரிங் செய்கிறது. அதற்கு எண்ணெய் வேண்டாம், தண்ணீரே மசகு. தண்டு வேகமாகச் சுழன்றால், தனக்கும் ரப்பருக்கும் நடுவே தண்ணீரை இழுத்து மெல்லிய படலமாக்கிக்கொண்டு அதன் மேல் மிதந்து ஓடும். மெதுவாகச் சுழன்றால் படலம் சேராது, இரும்பு ரப்பரை நேராக உரசும். வேகம் ஏற ஏற அந்த உராய்வு எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் போடுகிற கோடு. எந்த வேகத்தில் உரசல் விட்டு மிதக்கத் தொடங்கும், அதற்குள் எவ்வளவு சூடேறும், எத்தனை வருஷம் உழைக்கும் என்பதையெல்லாம் பேரிங் பிறப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பேரிங்கும் வாசல் தாண்டாது.

அவள் இருந்தது மேல்மாடியில். சோதனை மெஷின் கீழ்த்தளத்தில், அது வந்து பதினொரு வருஷம். அதைப் பார்த்துக்கொண்டவரைத் தொட்டிக்காரர் என்பார்கள், மெஷினுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி வைத்திருந்ததால். தொட்டித் தண்ணீர் பம்பில் ஏறி, பேரிங்குக்குள் ஓடி, வடிகட்டி வழியாக மறுபடி தொட்டிக்கே திரும்பும். மனிதர் சுத்தக்காரர். அவர் தளத்தில் செருப்போடு நுழைந்தால் வாயில் வந்ததைச் சொல்வார். பேரிங்கை மாட்டி, பல வேகங்களில் ஓட்டி, உராய்வை அளந்து எண்களை மேலே அனுப்புவார். அந்த எண்களோடு தன் கம்ப்யூட்டர் மாடல் ஒத்துப்போகும் வரை அவள் விடமாட்டாள். மாடிக்கு வெளியிலிருந்தே தனி வாசல், உள்ளே இரண்டுக்கும் நடுவில் பதினெட்டுப் படிகள்தான். தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்தால் ஒழிய அவள் அந்தப் படிகளில் இறங்கியதில்லை. எண்கள் ஏறி வரும்போது ஆள் எதற்கு இறங்க வேண்டும் என்பது அவள் நினைப்பு.

அவளுக்கு உடன்பிறப்பு என்று ஒரே ஒரு அண்ணன். இரண்டு வயது மூத்தவன். ஐந்தாவதிலும் ஏழாவதிலும் அடம்பிடித்துக் கூடுதலாக ஒவ்வொரு வருஷம் உட்கார்ந்ததால், எட்டாவதில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அந்த வருஷத்துக் கணக்குப் பரீட்சை இன்றைக்கும் வீட்டில் பேச்சு. இரண்டு குழாய் திறந்தால் தொட்டி எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்று ஒரு கேள்வி. அண்ணன் ஆறு என்று எழுதினான். எட்டிப் பார்த்தான். தங்கை எட்டு என்று எழுதியிருந்தாள். உடனே ரப்பர் வைத்துத் தேய்த்து, தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்து, எட்டு என்று மாற்றிவிட்டான். விடை ஆறுதான். இரண்டு பேருக்கும் முட்டை. அழித்த இடத்தில் ஆறு இன்னும் தெரிந்ததால் வாத்தியார் அவனைக் கூப்பிட்டு, சரியாகப் போட்டுவிட்டு எதற்கு அழித்தாய் என்று கேட்டார். "அவ எட்டுன்னு போட்டிருந்தா சார்" என்றான். அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்பது போல நின்றான். அன்றிலிருந்து தங்கையை அவன் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறான். கேலியில்லை, மரியாதை.

பள்ளிக்கூடம் அவனை விட்டது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றுகிற பெரிய படகில் பத்தொன்பது வருஷமாக எஞ்சின் அறை அவன் பொறுப்பு. காலையில் முதல் நடைக்கு முன்னால் அவன் செய்கிற முதல் வேலை, பேரிங்குக்குத் தண்ணீர் போகிற வால்வைத் திறப்பது. கைக்கு அடக்கமான இரும்புச் சக்கரம். நாலு சுற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வாய்விட்டு எண்ணுவான். எண்ணி முடித்ததும் கை துடைக்கிற துணியை அந்தச் சக்கரத்தின் மேல் போடுவான். துணி கிடந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். மாலையில் மூடும்போதுதான் துணியை எடுப்பான். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனே வைத்துக்கொண்ட ஏற்பாடு.

போன வருஷம் அந்தப் படகுக்குத் தங்கையின் கம்பெனி பேரிங் வந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. படகில் இருந்தவர்களை மட்டுமல்ல, டிக்கெட் வாங்கி ஏறியவர்களையும் பிடித்து நிறுத்தி, கீழே ஓடுவது என் தங்கச்சி போட்ட கணக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தானாம். ஆறு வருஷம் உழைக்கும் என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இரண்டாம் மாதம் அவன் போன் செய்தான். கரைக்கு வரும்போது, வேகத்தைக் குறைத்ததும், பின்னாலிருந்து ஒரு சத்தம் வருகிறது என்றான். என்ன மாதிரி சத்தம் என்று கேட்டாள். யாரோ உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடிக்கிற மாதிரி என்று சொல்லி, போனிலேயே கடித்தும் காட்டினான். அவள் சிரித்தாள். பிறகு தன் கோட்டை எடுத்துப் பார்த்தாள். கரை சேரும் வேகத்தில் உராய்வு கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் கத்துகிற அளவுக்குக் கூடாது. தண்ணீர் சரியாகப் போகிறதா பார் என்றாள். போகிறது என்றான். இன்னொரு தடவை பார் என்றாள். அடுத்த மாதமும் இதே பேச்சு, அதற்கடுத்த மாதமும் இதே பேச்சு. அவன் குறிப்பேட்டில் மூன்று முறை எழுதியும் வைத்தான். படகுக் கம்பெனி பேரிங் கம்பெனிக்குக் கடிதம் போட்டது. பதில் எழுதியது அவள்தான். தண்ணீர் வரத்தைச் சோதிக்கவும்.

எட்டாம் மாதம், ஒரு காலை, முதல் நடையிலேயே, முந்நூறு பேரோடு நடு ஆற்றில் படகு உதறிக்கொண்டு நின்றுவிட்டது. ரப்பர் கருகி நார் நாராகக் கிழிந்து தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆளுக்குச் சேதம் இல்லை. ஒரு மணி நேரம் நீரோட்டம் இழுத்த பக்கம் போய், வேறொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்தது. அந்த ஒரு மணி நேரத்தில் ஜனங்கள் போட்ட கூச்சலை மறுநாள் எல்லோரும் செல்போனில் பார்த்தார்கள். பிறகென்ன, விசாரணை.

விசாரணை அதிகாரி பேரிங் கம்பெனியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். தண்ணீர் ஒழுங்காகப் போயிருந்தால் இந்த பேரிங் இப்படிக் கருக வாய்ப்பு உண்டா? மேலாளர் அந்தக் கடிதத்தை அவள் மேசையில் வைத்தார். எஞ்சின் அறையில் இருப்பது என் அண்ணன் என்றாள் அவள். கணக்குக்கு அண்ணன் தம்பி தெரியுமா மேடம் என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தக் கேள்வி அவளைத் தைத்துவிட்டது. அண்ணனுக்காகக் கணக்கை வளைத்தாள் என்று ஒருவர்கூடச் சொல்லிவிடக் கூடாது. மாடலை மூன்று தடவை ஓட்டினாள். ஆற்றுத் தண்ணீரின் சூடு, சேறு, தண்டின் கனம், எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டாள். மூன்று தடவையும் ஒரே பதில். தண்ணீர் இருந்தால் கருகாது. தண்ணீர் இல்லாவிட்டால் பத்தே நிமிஷத்தில் கருகும். அவள் நேர்மைக்காரி என்பதில் சந்தேகமே இல்லை, அந்த நேர்மையைப் பிறர் பார்க்க வேண்டும் என்ற கவலையில்தான் எங்கே தோண்ட வேண்டுமோ அங்கே தோண்டவில்லை. இதை அவளே பிறகு சொன்னாள்.

அறிக்கை எழுதுவதற்கு முன், முதல் தடவை ஓட்டி முடித்ததுமே, அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அன்னைக்குக் காலையில வால்வ தொறந்தியா?"

"தொறந்தேன். நாலு சுத்து."

இரண்டாவது முறை மாடலை ஓட்டிவிட்டு மறுபடி கேட்டாள். நல்லா யோசிச்சுச் சொல்லு என்றாள். தினமும்தானே திறக்கிறேன், அன்றைக்கு மட்டும் எதற்கு விடப் போகிறேன் என்றான். மூன்றாவது முறை ஓட்டிவிட்டு அவள் கேட்ட விதம் அவளுக்கே பிடிக்கவில்லை. தண்ணி போயிருந்தா அது கருகவே முடியாது, கணக்குல வழியே இல்ல, மறைக்காம சொல்லு என்றாள். அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"தொறந்தேன்னுதான் நெனைக்கிறேன், டீச்சர்."

அறிக்கை போயிற்று. கடைசி வரி அவள் எழுதியது. நீர் வரத்து இருந்திருக்கும் பட்சத்தில் இவ்வகைச் சேதம் ஏற்பட வாய்ப்பில்லை. கீழே கையெழுத்து. மூன்று வாரத்தில் அண்ணனை எஞ்சின் அறையிலிருந்து எடுத்து, படகுத்துறை வாசலில் டிக்கெட் கிழிக்க நிறுத்திவிட்டார்கள். அவனிடம் பேசியபோது, விடு, முடிஞ்சு போச்சு என்றான். இத்தனை வருஷம் 'நீ' என்று உரிமையோடு பேசிய அண்ணி மட்டும் அன்றிலிருந்து 'நீங்க' போட்டாள். அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் கழித்து, தொட்டிக்காரர் கீழேயிருந்து போன் செய்தார். வேறொரு ஆர்டருக்குப் பெரிய பேரிங் மாட்ட வேண்டும், கூட வேலை செய்கிறவர் லீவு, எல்லோரும் மீட்டிங்கில் இருக்கிறார்கள், ஒரு கை பிடிக்க முடியுமா மேடம் என்றார். ஒத்திகை மணி அடிக்காமலே அவள் பதினெட்டுப் படி இறங்கியது அன்றுதான்.

அவர் சொன்னபடி பேரிங்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மறுமுனையிலிருந்து தள்ள, அது வழுக்கிக்கொண்டு கூட்டுக்குள் இறங்கியது. இவ்வளவு லேசாகப் போகும் என்று அவள் நினைக்கவில்லை. கை பிசுபிசுத்தது. சுவரோரக் குழாயில் கழுவப் போனாள். சோப்பைத் தொடவே இல்லை, கையில் நுரை வந்தது.

இது என்ன என்று கேட்டாள். சோப்புத் தண்ணி மேடம் என்றார் அவர், அவள் குழம்பியது அவருக்குத்தான் வேடிக்கையாக இருந்தது. ரப்பர் உலர்ந்திருந்தால் உள்ளே போகாது, கிரீஸ் தொட்டால் ரப்பர் கெட்டுவிடும், எந்தப் பட்டறையிலும் சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் தள்ளுவார்கள். ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒரு மக். இதையெல்லாம் போய் எண்களோடு எழுதி அனுப்புவார்களா?

"அண்ணே, இந்தத் தொட்டித் தண்ணிய எப்ப மாத்துவீங்க?"

"வருஷத்துக்கு ஒரு தடவ. கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க, எதுக்கு மாத்தணும்?"

 ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒரு மக் சோப்பு. அது கழுவிக்கொண்டு தொட்டிக்கு வருகிறது. வடிகட்டி அழுக்கைப் பிடிக்கும், சோப்பை விட்டுவிடும். பதினொரு வருஷமாக அந்த மெஷினில் ஒரு பேரிங்கும் வெறும் தண்ணீரில் ஓடவில்லை. மெதுவான வேகத்தில் இரும்பு ரப்பரை உரச வேண்டிய இடத்தில் சோப்பு வழுக்கிவிட்டது. அந்த எண்களோடுதான் அவள் மாடலை அவ்வளவு அழகாக ஒட்ட வைத்திருந்தாள். ஆற்றுக்கு என்ன சோப்பா போடுவார்கள்? படகில் மாட்டியபோது போட்ட ஒரு மக் சில நாளில் போயிருக்கும். ரப்பர் முழுசாகக் கழுவப்பட்ட பிறகு, இரண்டாம் மாதம், சத்தம் வந்திருக்கிறது.

தொட்டியைக் காலி செய்யச் சொன்னாள். மூன்று நாள் குழாய், பம்பு, வடிகட்டி எல்லாவற்றையும் அலசினார்கள். பேரிங்கையும் வெந்நீரில் கழுவிக் கழுவி மாட்டினார்கள். புதுத் தண்ணீர் விட்டு, படகு கரை சேருகிற வேகத்துக்கு மெஷினை இறக்கினார் தொட்டிக்காரர். இறக்கியதும் மெஷின் கத்தியது. அவர் துள்ளி விலகினார், பதினொரு வருஷத்தில் அது அவரிடம் வாயே திறந்ததில்லை. மேல்மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். யாரோ உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடிக்கிற சத்தம். அவள் அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்று அழுதாள். உராய்வு அவள் சொன்னதைப் போல மூன்று மடங்கு. புது எண்களைப் போட்டு மாடலை ஓட்டினால், தண்ணீர் தாராளமாகப் போனாலும், நாளுக்குப் பன்னிரண்டு முறை கரை சேருகிற படகில் அந்த ரப்பர் எட்டு ஒன்பது மாதம்தான். தொட்டிக்காரர் சோப்பு மக்கை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தார். அவரை என்ன சொல்ல? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

திருத்திய அறிக்கையோடு மேலாளரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகப் படித்தார். நல்ல கண்டுபிடிப்பு மேடம், அடுத்த டிசைனில் சேர்த்துவிடுவோம் என்றார். படகுக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்றாள். முடிந்துபோன விஷயத்தை எதற்குக் கிளற வேண்டும் என்று இழுத்தார். ஒருத்தர் வேலை போய்விட்டது என்றாள். அப்போதுதான் அவர் சொன்னார்.

"அவரே ஒத்துக்கிட்டாரே மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவளிடம் யாரும் சொல்லவில்லை.

மேலாளரைக் கேட்காமல் அறிக்கையை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் தானே போனாள். இதற்காகத் தன் வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. போகவும் இல்லை, அந்த அளவுக்குக்கூட யாரும் அவளைப் பொருட்படுத்தவில்லை. அதிகாரி ஃபைலை வரவழைத்து, அண்ணனின் வாக்குமூலத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவனுடைய உருண்டை உருண்டையான கையெழுத்து. 'அன்று காலை நான் வால்வைத் திறந்தேன்' என்று எழுதி, 'திறந்தேன்' என்பதை மட்டும் அழுத்தி அழுத்தி அடித்து, மேலே 'திறக்கவில்லை' என்று எழுதியிருந்தான். அடித்ததற்குக் கீழே பழைய எழுத்து தெரிந்தது. தேதியைப் பார்த்தாள். அவள் அறிக்கை போய்ச் சேர்ந்த மறுநாள்.

கணக்கு தப்பு என்பதை ஏற்றுக்கொள்கிறேன் அம்மா, ஆனால் வால்வைத் திறக்கவில்லை என்று அவரே சொல்கிறாரே, திறக்காவிட்டால் எந்தக் கணக்கிலும் கருகத்தானே செய்யும் என்றார் அதிகாரி. அதில் அவளால் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த எஞ்சின்காரரே வந்து, அன்றைக்கு எழுதியது தவறு, திறந்தேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மறுபடி எடுக்கலாம் என்றார். ஒரே ஒரு வரி.

அண்ணன் போன் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போட்டாள். அண்ணிதான் எடுத்தாள். அவர் துறையில இருக்காரு என்றாள். இவள் விஷயத்தைச் சொன்னதும் அண்ணி பதில் சொன்னாள்.

"உங்க கணக்கு வந்த அன்னைக்கிலிருந்து அவரு தூக்கத்துல எண்ணுறாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு வர்றதே இல்ல. போய்ச் சொல்லிப் பாருங்க, கேட்டாருன்னா சரி."

படகுத்துறை வாசலில், நீலக் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூல் போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். எஞ்சின் அறையில் எப்போதும் கறுத்துக் கிடக்கிற நகக்கண்கள் வெளுத்திருந்தன. வா டீச்சர் என்று எழுந்து ஸ்டூலை அவளுக்குக் கொடுத்தான். கோபம் என்ற ஒன்று அவன் முகத்தில் இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பையிலிருந்து ஒரு ரப்பர் துண்டு, பளபளப்பான இரும்புத் துண்டு, இரண்டு பாட்டில் எடுத்தாள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் ஆற்றுத் தண்ணீர். முதலில் சோப்புத் தண்ணீர் விட்டு இரும்பை ரப்பர் மேல் நகர்த்தச் சொன்னாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. நன்றாகக் கழுவிவிட்டு ஆற்றுத் தண்ணீர் விட்டாள். இரும்பு நகர மாட்டேன் என்றது, அழுத்தித் தள்ளினால் கீச்சிட்டு வெட்டி வெட்டி நகர்ந்தது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. இதேதான், இதே சத்தம்தான், நான் சொன்னேன் இல்லையா என்றான். எஞ்சின்காரனுக்கு எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. தொட்டி, சோப்பு, பதினொரு வருஷம், எல்லாம். ஆக, வால்வு திறந்திருந்தாலும் அது கருகியிருக்கும் என்றாள். ஆமா, கருகியிருக்கும் என்றான். என் கணக்குதான் தப்பு என்றாள். பரவாயில்ல விடு, யாருக்குத்தான் தப்பு வராது என்று அவளையே தேற்றினான்.

அவள் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். ஒரே ஒரு வரி, நான் திறந்தேன் என்று எழுது என்றாள்.

அண்ணன் காகிதத்தை வாங்கவில்லை.

"அது எப்படி எழுதுறது? நான் தொறக்கலையே."

"மொதல்ல கேட்டப்ப தொறந்தேன்னு சொன்னியே. நாலு சுத்துன்னு சொன்னியே."

"அப்ப சரியா ஞாபகம் வரல. அப்புறந்தான் வந்துச்சு." அவன் கண்ணை மூடிக்கொண்டு, பார்த்துச் சொல்கிறவன் போலச் சொன்னான். "கை ஈரமா இருந்துச்சு. துணியில தொடச்சேன். மேலேருந்து கூப்பிட்டாங்க. துணிய சக்கரத்து மேல போட்டுட்டு ஏறிப் போயிட்டேன். தொறக்கவே இல்ல. எல்லாம் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது."

துணி போட்டிருந்தால் திறந்துவிட்டாய் என்றுதானே அர்த்தம், பத்தொன்பது வருஷமாக அதுதானே உன் வழக்கம் என்று அவள் கெஞ்சினாள். அன்றைக்குத் திறக்காமலே போட்டுவிட்டேன் என்றான். அது எப்படி முடியும் என்றாள். எப்படியோ போட்டிருக்கிறேன், அதனால்தானே கருகியது என்றான். இப்போதுதானே சொன்னேன், கருகியது அதனால் இல்லை என்றாள். அவன் தலையாட்டினான். நீ சொல்றது புரியுது, ஆனால் நான் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியுமே, தெரிந்துகொண்டே பொய் எழுதச் சொல்கிறாயா என்று கேட்டான். முந்நூறு பேர் டீச்சர், முந்நூறு பேர் நடு ஆத்துல என்றான். அவள் கையில் பேனா இருந்தது, எதிரே அண்ணன் இருந்தான், அவள் இருபத்திரண்டு வருஷம் கற்றது எதுவும் அந்த இடத்தில் உதவவில்லை.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவன் மேலா, தன் மேலா என்று தெரியவில்லை. காகிதத்தை அவன் சட்டைப் பையில் மடித்துத் திணித்தாள். அவன் அதை எடுத்து, மடிப்பைச் சரி செய்து, பத்திரமாக அவள் பையிலேயே திரும்ப வைத்தான்.

அக்கரையிலிருந்து படகு வந்துகொண்டிருந்தது. கருகிய பேரிங்குக்குப் பதிலாகக் கம்பெனி அனுப்பிய புது பேரிங் அதில் ஓடியது. அதே அளவு, அதே ரப்பர், அதே கையெழுத்து. எஞ்சின் அறைக்கு ஒரு புது ஆள் வந்திருந்தார், காலையில் முதலாவதாக வந்து கடைசியாகப் போகிறவர், அருமையான மனிதர் என்று அண்ணனே சொல்லியிருந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் ஜனங்கள் டிக்கெட்டோடு நெருக்கினார்கள். படகு கரையை நெருங்கி வேகத்தைக் குறைத்தது. குறைத்ததும், பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. வரிசையில் நின்ற ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். கேட்கிறதா என்று கேட்க வாயெடுத்தாள். அவன் ஏற்கெனவே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எஞ்சின்காரனுடைய காது, எதையும் தவறவிடாது. கேட்டு முடித்து, வருத்தத்தோடு நாக்கைச் சப்புக் கொட்டினான்.

"பாவம், இவரும் தொறக்க மறந்துட்டாரு போல" என்று சொல்லிவிட்டு, நீலக் கதவைத் திறந்து டிக்கெட் கிழிக்கப் போனான்.